எலிக்கு வாந்தி வராது சார்: எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். நான் எம்.ஃபார்ம் ஃபார்மகாலஜி (மருந்தியல்) படிச்சவன், படிச்ச காலத்துல பாதி நாள் ஆய்வு எலி வளர்க்கற அனிமல் ஹவுஸ்லதான் போச்சு. போன வாரம் மெடிக்கல் ஷாப்ல ஒரு டப்பா பார்த்தேன், அமுக்கரா, குடம்புளி, காஃபின் எல்லாத்தையும் ஒண்ணா அடைச்சு "டென்ஷன் குறையும், வெயிட்டும் குறையும், ஆய்வில் நிரூபிக்கப்பட்டது"ன்னு போட்டிருக்கான். யாருக்குக் குறைஞ்சுதுன்னு திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒண்ணும் இல்ல. எலிய வெச்சு அந்த மாதிரி ஆய்வெல்லாம் எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் சொல்றேன்.

டென்ஷனுக்கு பிளஸ் மேஸ்னு ஒண்ணு இருக்கு. பிளஸ் குறி மாதிரி பலகை, தரையிலேர்ந்து அரை மீட்டர் உயரத்துல, ரெண்டு கைக்கு சுவர் உண்டு, ரெண்டு கை திறந்து கிடக்கும். எலிய நடுவுல விட்டு அஞ்சு நிமிஷம் பார்க்கணும். பயந்த எலி மூக்க மட்டும் வெளிய நீட்டி மோந்துட்டு உள்ளயே பதுங்கிடும், பதட்டத்த குறைக்கற டயாசிபாம் மருந்து போட்ட எலி திறந்த பக்கம் போய் விளிம்புலேர்ந்து கீழ எட்டிப் பார்க்கும். அதான் கணக்கு. ஆனா காஃபின் மாதிரி ஸ்டிமுலன்ட் கலந்தா எலி சும்மாவே நாலா பக்கமும் ஓடும், அது தைரியமா துறுதுறுப்பான்னு பிரிக்க மொத்த ஓட்டத்தையும் தனியா அளக்கணும், எத்தனை பேர் அளக்கறாங்க? வெட்கத்த விட்டு சொல்றேன், எங்க லேப்ல நான் எண்ணினப்போ எது மருந்து குடுத்த எலி எது வெறும் தண்ணி குடுத்த எலின்னு எனக்கே தெரியும், வால்ல மார்க்கர் கோடு போட்டதே நான்தான்.

வெயிட் கதை இன்னும் மோசம். எலிக்கு வாந்தி வராது, அதோட உடம்பு அமைப்பு அப்படி. குமட்டினா அது தீனிய குறைச்சுக்கும், அவ்ளோதான். காலைல தராசுல வெச்சா எடை இறங்கியிருக்கும், நாம "கொழுப்பு கரையுது"ன்னு எழுதிடுவோம். அதுக்குத்தான் மருந்து எலி தின்ன அளவே தீனி குடுத்து இன்னொரு குரூப் வைக்கணும்ங்கறது, அது செலவு, அதனால பல பேர் விட்டுடறாங்க.

குடம்புளிய எடுத்துக்கோங்க, நாகர்கோவில் பக்கம் மீன் குழம்புல போடுவாங்களே அதேதான். அதுல இருக்கற ஹெச்சிஏங்கற அமிலம் எலில பசிய குறைச்சுது, சரி. 1998ல அமெரிக்காவுல 135 பேருக்கு 12 வாரம் குடுத்துப் பார்த்தாங்க, டம்மி மாத்திரைய விட ஒண்ணும் கூட குறையல. 2005ல ஜப்பான்ல குண்டு எலிகளுக்கு அதிக டோஸ் குடுத்தப்போ விரை சுருங்கிடுச்சு. இது எந்த டப்பாலயும் வராது பாருங்க. எஃபெட்ராவும் இப்படித்தான் வெயிட் குறைக்கற மூலிகைன்னு வித்துச்சு, 2003ல 23 வயசு பேஸ்பால் பிளேயர் ஸ்டீவ் பெக்லர் செத்ததுக்கப்புறம்தான் 2004ல அமெரிக்கா தடை பண்ணுச்சு.

டோஸும் ஒரு கூத்து. எலிக்கு கிலோவுக்கு 200 மில்லிகிராம்னா, அத மனுஷ டோஸா மாத்த 6.2 ஆல வகுக்கணும், 60 கிலோ ஆளுக்கு கிட்டத்தட்ட 2 கிராம் வரும். நான் பார்த்த கேப்ஸ்யூல்ல எல்லாம் சேர்த்தே 300 மில்லிகிராம்தான். அப்ப எலி சாப்பிட்டதுக்கும் நாம சாப்பிடறதுக்கும் என்ன சம்பந்தம்?

2016லேயே சப்ளிமென்ட்டுக்குன்னு விதிமுறை போட்டிருக்கீங்க. அதோட இதையும் சேருங்க: "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது"ன்னு போட்டா பக்கத்துலயே எலியா மனுஷனா, எத்தனை, என்ன டோஸ், எத்தனை நாள்னு அதே சைஸ் எழுத்துல இருக்கணும். எலி ஆய்வு காட்டினா தீனி கணக்கையும் கேளுங்க. அதோட, மனுஷங்க கிட்டயே பார்த்து முடிச்ச குடம்புளிக்கு திரும்ப திரும்ப எலிய எதுக்கு கொல்லணும்னு அனிமல் எத்திக்ஸ் கமிட்டிங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க, என் கையாலயே 36 எலிய முடிச்சு வெச்சிருக்கேன், அந்த தீசிஸ இன்னைக்கு வரைக்கும் யாரும் புரட்டினதில்ல.

அந்த டப்பாவ வாங்கியே வந்துட்டேன். பேட்ச் நம்பரோட மேஜைல இருக்கு, கேட்டீங்கன்னா கூரியர்ல அனுப்பறேன்.