சுடுதண்ணிக்கு முன்னால சுகர் டெஸ்ட்

அன்புள்ள செந்திலுக்கு, அம்மா எழுதறது.

நீ ஷிப்ட் இன்சார்ஜ் ஆனதை நான் சொல்லாத வீடு நம்ம தெருவுல பாக்கியில்ல. ஆனா பொங்கலுக்கு வந்தப்போ வலது காலை ஓரமா ஊனி ஊனித்தான் படியேறினே. கேட்டா "ஒண்ணுமில்லம்மா". சுண்டுவிரல் மேல மஞ்சளா கால் ஆணி கட்டியிருக்கு, பாத்துட்டேன்.

முதல்ல சுகர் டெஸ்ட் எடு. வெறும் வயித்துல ஒண்ணு, மூணு மாசச் சராசரி ஒண்ணு. அப்பா கால் விஷயம் உனக்குச் சொல்ல வேண்டியதில்ல. சுகர் இருந்தா கீழ எழுதியிருக்கிற எதையும் நீயா செய்யாதே. மரத்த காலுக்குச் சூடு தெரியாது, சின்னக் கீறல்கூட ஆறாத புண்ணாயிடும். டாக்டர்கிட்டதான் காட்டணும்.

ஆணிதானான்னும் பாத்துக்கோ. மேலேருந்து அமுக்கினா வலிச்சா ஆணி. ரெண்டு பக்கமும் கிள்ளினா வலிச்சு, உள்ள கறுப்புப் புள்ளியும் இருந்தா மருவா இருக்கும். அதைத் தேய்க்காதே, பரவும்.

ராத்திரி ஷூவைக் கழட்டினதும் அகலமான டப்புல கணுக்கால் முங்கத் தண்ணி வை. முழங்கையை விட்டுப் பாரு, இதமா இருக்கணும், சுடக் கூடாது. பத்துலேருந்து பதினஞ்சு நிமிஷம் போதும். அதுக்கு மேல ஊறினா விரலிடுக்கு வெந்து வெடிக்கும். உப்பு வேணும்னா ஒரு கைப்பிடி போடு, ஆனா தோலை இளக்கறது தண்ணிதான். விரலிடுக்கு ஈரமெல்லாம் ஒத்தி எடு. ஆணி மேல தோல் வெள்ளையா உப்பியிருக்கும். நனைச்ச பியூமிஸ் கல்லால ஒரே பக்கமா, லேசா, ரெண்டு நிமிஷம் தேய். அந்த வெள்ளை மட்டும் போகட்டும். தோல் சிவந்தா, எரிஞ்சா நிறுத்திடு. அப்புறம் யூரியா கிரீமோ வாசலினோ தடவு, விரலிடுக்குல மட்டும் வேண்டாம்.

ஒரே நாள்ல பிடுங்கிடலாம்னு பிளேடை எடுக்காதே. ஆணிக்கு வேர் கிடையாது. அழுத்தத்தால தடிச்ச தோல் உள்பக்கமா கூராகி நரம்பைக் குத்துது, அவ்வளவுதான். அத்தை எருக்கம்பால், சேராங்கொட்டைன்னு ஏதாவது சொல்வாங்க. ரெண்டுமே தோலை வேகவெச்சுடும். மெடிக்கல்ல விக்கிற கார்ன் கேப்னு ஆணிக்கு ஒட்டற பிளாஸ்திரியிலயும் ஆசிட்தான், நல்ல தோலையும் அரிக்கும். அதையும் சுகர் ரிசல்ட் வராம ஒட்டாதே.

எவ்வளவு ஊறவெச்சாலும் அந்த சேஃப்டி ஷூ மாறலேன்னா ஆணி திரும்ப வரும். முன்பக்க இரும்பு சுண்டுவிரலை நாள் பூரா நெருக்குது. சாயங்காலம் கால் வீங்கியிருக்கும்போது பேப்பர் மேல நின்னு பாதத்தைச் சுத்திக் கோடு போடு. அது மேல ஷூவை வை. கோடு வெளிய தெரிஞ்சா ஷூ குறுகல். கம்பெனி ஸ்டோர்ஸ்ல அகலமான ஜோடி கேளு. அத்தனை பேரை மேய்க்கிறவனுக்கு இதைக் கேட்க என்ன கூச்சம்? அது வர்ற வரைக்கும் நடுவுல ஓட்டை உள்ள ஃபெல்ட் வளையத்தை, ஆணி ஓட்டைக்குள்ள இருக்கிற மாதிரி ஒட்டிக்கோ.

சிவந்து சூடா இருந்தாலோ சீழ் வந்தாலோ தண்ணி வைத்தியத்தை விட்டுட்டு அன்னைக்கே டாக்டர்கிட்ட போ.

வியாழக்கிழமை உனக்கு லீவுதானே? காபிகூட குடிக்காம போய் ரத்தம் குடு. ரிசல்ட்டை போட்டோ எடுத்து அனுப்பு, "நார்மல்மா"ன்னு வாயால சொன்னா ஒத்துக்க மாட்டேன்.

அம்மா