யூதாஸ் எப்படி செத்தான்?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்,

பைபிள்ல ஒண்ணுக்கொண்ணு முரணே கிடையாதுன்னு நம்ம பேப்பர்ல ஒரு வாசகர் எழுதியிருந்தாரு, அதப் படிச்சதுலேர்ந்து மனசு ஆறல. நான் ரொம்ப வருஷமா சண்டே ஸ்கூல்ல பாடம் எடுக்குறேன். ஒரு பையன் மத்தேயு 27ல ஒரு விரலும் அப்போஸ்தலர் 1ல ஒரு விரலும் வச்சிக்கிட்டு வந்து நின்னான். இங்க, இயேசுவக் காட்டிக்குடுத்த யூதாஸ் அதுக்கு வாங்குன காச தேவாலயத்துல எறிஞ்சிட்டுப் போய் நான்றுகொண்டு செத்தான்னு இருக்கு, அங்க அந்தக் காசுல நிலம் வாங்கி தலைகீழா விழுந்து வயிறு வெடிச்சதுன்னு இருக்கு, எது டீச்சர் நெசம்னு கேட்டான். கயிறு அறுந்து விழுந்திருப்பான்னு எனக்கு சொல்லிக்குடுத்ததையே நானும் சொன்னேன். அப்ப நிலத்த வாங்குனது அவனா, இல்ல மத்தேயு சொல்ற மாதிரி ஆசாரியருங்களான்னு அடுத்த கேள்வி. அவன் காசுல அவங்க வாங்குனதால அவன் வாங்குன மாதிரின்னு ஒரு பதில் உண்டு, அவன் முகத்தப் பாத்து அத சொல்ல எனக்கு வாய் வரல.

எல்லாமே இப்படி சிக்கலா இல்ல. யூதா தேசத்து அகசியா ராஜாவாகும்போது வயசு 2 இராஜாக்கள் 8:26ல 22, 2 நாளாகமம் 22:2ல 42. அவங்கப்பா யோராம் 32 வயசுல வந்து 8 வருஷம் ஆண்டு செத்தாரு, 40தான் ஆகுது, அப்புறம் மகன் எப்படி 42? கையால பாத்து எழுதுன காலத்துல ஒரு எண் தப்பா விழுந்திருக்கு, 22தான் சரி, இத ஒத்துக்கிட்டா யாரோட விசுவாசமும் கெட்டுப்போகாது.

ஆனா யூதாஸ் விஷயம், இயேசுவோட கல்லறைல ஒரு தூதனா ரெண்டு பேரா, மரியாளோட புருஷன் யோசேப்புக்கு அப்பா யாக்கோபா இல்ல ஏலிங்குறவரா, இதெல்லாம் எண் பிழை இல்லீங்க, வேற வேற ஆளு சொன்னது. கி.பி. 170 வாக்குலயே தத்தியான்னு ஒருத்தர் நாலு சுவிசேஷத்தையும் சேத்து ஒரே கதையா கோத்துக் குடுத்தாரு, சிரியா பக்கத்து சபைங்க அதையே தலைமுறை தலைமுறையா வாசிச்சிட்டு வந்தாங்க. 5ம் நூற்றாண்டுல தியோடரெட்ங்குற பிஷப் அதுல 200 பிரதிக்கு மேல எடுத்துட்டு நாலு சுவிசேஷத்தையும் திருப்பி வச்சாரு, இயேசுவோட வம்ச வரலாற தத்தியான் வெட்டிட்டாருங்குறது அவரோட பெரிய ஆதங்கம். ஒண்ணாக்கணும்னா எதையாவது வெட்டத்தான் வேண்டியிருக்கு. பிள்ளைங்ககிட்ட நாம கயிறு அறுந்த கதைய சொல்லும்போது வேதத்துல இல்லாதத சேத்து சொல்றோம், அதுவும் சரியில்லன்னு எனக்குப் படுது.

அடுத்த வாரம் அந்தப் பையன ரெண்டு பகுதியையும் அடுத்தடுத்து வாசிக்கச் சொன்னேன். மத்தேயு மட்டும் யூதாஸ் மனஸ்தாபப்பட்டான்னு எழுதியிருக்காரு டீச்சர், அப்போஸ்தலர்ல அது இல்லன்னு அவனே கண்டுபிடிச்சு சொன்னான்.

இப்படிக்கு,
ஒரு சண்டே ஸ்கூல் டீச்சர்