முள்ளு முனையில் வெட்டிய மூன்று குளம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் நாட்டுப்புறப் பாடல்கள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தாலாட்டு, ஒப்பாரி பற்றிய பகுதிகள் மனதைத் தொட்டன. ஆனால் பிள்ளைகளுக்குப் பாடும் ‘முள்ளு முனையிலே’ பாட்டை, ‘பொருளற்ற வேடிக்கைப் பாடல்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் அப்பத்தா பாடியது இப்படி இருக்கும்:

முள்ளு முனையிலே மூணு குளம் வெட்டினேன்
ரெண்டு குளம் பாழு, ஒண்ணுல தண்ணியே இல்லை.
தண்ணியில்லாக் குளத்துக்குக் குடிவந்த குயவன் மூணு பேரு
ரெண்டு பேரு மொண்டி, ஒருத்தனுக்குக் கையே இல்லை.
கையில்லாக் குயவன் வனைஞ்ச சட்டி மூணு சட்டி
ரெண்டு சட்டி பச்சை, ஒண்ணு வேகவே இல்லை.

அப்புறம் வேகாத சட்டியில் மூன்று அரிசி, வேகாத சோற்றுக்கு மூன்று விருந்தாளி என்று போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் செல்லாத காசு வரும். அதைச் சோதிக்க மூன்று நோட்டக்காரர்கள் வருவார்கள். ரெண்டு பேர் குருடு, ஒருத்தனுக்குக் கண்ணே தெரியாது. ஊருக்கு ஊர் அடிகள் மாறும். (மொண்டி, குருடு என்ற சொற்களை இன்று நாம் மனிதர்கள் மேல் போடுவதில்லை, போடவும் கூடாது. பாட்டில் இருப்பதால் அப்படியே எழுதினேன்.)

இது தமிழில் மட்டும் இருக்கிற பாட்டும் அல்ல. மராத்தியில் 13ஆம் நூற்றாண்டு ஞானேஸ்வரர் பெயரால் இதே போன்ற பாட்டு வழங்குகிறது. அங்கே முள் முனையில் இருப்பது மூன்று ஊர். இரண்டு பாழ், ஒன்றில் குடியே ஏறவில்லை. அதற்கு ஆன்மிகப் பொருள் சொல்கிறார்கள். சரி, அது அவர்கள் வழி. எனக்கு இந்தப் பாட்டில் கேட்பது நம் காலத்து மேடைக் குரல்தான்.

முதல் அடியைப் பாருங்கள். எண்ணிக்கைதான் முன்னால் வருகிறது: மூணு குளம். ‘வெட்டினேன்’ என்ற பெருமையும் கூடவே வருகிறது. அடுத்து, இரண்டு குளம் பாழ் என்று அவனே ஒத்துக்கொள்கிறான். இரண்டில் குறையை ஒத்துக்கொண்டவன் மூன்றாவதில் பொய் சொல்வானா என்று நம் மனம் இளகுகிறது. ‘சில இடங்களில் தொய்வு இருக்கிறது, மற்றபடி திட்டம் நிறைவேறிவிட்டது’ என்று அறிக்கைகளில் படிக்கும்போது நம் மனம் இளகுமே, அதே இளக்கம்தான். பாட்டில் வருகிறவன் மூன்றாவது குளத்திலும் தண்ணீர் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறான். மேடையில் நிற்பவர்கள் அந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள்.

அதைவிட என்னை உறுத்துவது அடுத்த அடி. தண்ணியில்லாத குளம் என்று தெரிந்த பிறகும் யாரும் முதல் அடிக்குத் திரும்பிப் போவதில்லை. அந்தக் குளத்தின் மேலேயே குயவனைக் குடிவைக்கிறார்கள். நடக்காத ஒரு வேலை அடுத்த வேலைக்கு அஸ்திவாரமாகிவிடுகிறது.

இதை நான் கண்ணால் பார்த்தேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரணியைத் தூர்வாரியதாகக் கரையில் பலகை வைத்தார்கள். பணியின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, முடித்த தேதி எல்லாம் பெயின்ட்டில் எழுதியிருந்தது. உள்ளே இறங்கிப் பார்த்தால் கரையோரச் சீமைக் கருவேலத்தை மட்டும் வெட்டிப் போட்டிருந்தார்கள். மண் எடுத்த தடமே இல்லை. வரத்துக் கால்வாய் அடைத்தது அடைத்தபடி கிடந்தது. மறு வருடம் இன்னொரு பலகை வந்தது: ‘தூர்வாரப்பட்ட ஊரணிக்குப் படித்துறை அமைத்தல்’. அதன் முன்னால் நின்றபோது அப்பத்தாவின் குரல் அப்படியே காதில் விழுந்தது. தண்ணியில்லாக் குளத்துக்குக் குடிவந்த குயவன் மூணு பேரு.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். 30 நாளில் வரவேண்டிய பதில் மேல்முறையீட்டுக்குப் பிறகுதான் வந்தது. அதில் வேலை செய்தவர்களின் பெயரையும் கூலியையும் பதியும் மஸ்டர் ரோலின் நகல் இருந்தது. என் சித்தப்பா பெயர் அதில் இருந்தது. அவர் காலமாகி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெயருக்கு நேரே கட்டை விரல் ரேகை. சித்தப்பா கையெழுத்துப் போடத் தெரிந்தவர், மூன்று பிள்ளைகளையும் அவரே உட்கார்த்தி எழுதப் பழக்கியவர். கையில்லாக் குயவன் எப்படிச் சட்டி வனைந்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

ராஜஸ்தானில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானா என்ற ஊரில் 1994 டிசம்பர் 2 அன்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. அருணா ராயும் நிகில் டேயும் சங்கர் சிங்கும் முன்னின்ற இயக்கம் அது. மஸ்டர் ரோலையும் பில்களையும் ஊரார் முன்னால் உரக்கப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர்கள் தங்கள் பெயரை அங்கே கேட்டார்கள். முடியாத கட்டடம் முடிந்ததாக எழுதியிருந்ததைக் கேட்டார்கள். ‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்ற அவர்களுடைய முழக்கம் வளர்ந்துதான் 2005இல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. அந்த இயக்கத்தில் பாட்டும் பொம்மலாட்டமும் பெரிய பங்கு வகித்தன என்பதை இங்கே சொல்ல வேண்டும். கணக்குப் புத்தகத்தை ஊர் நடுவில் வாய்விட்டுப் படித்தால் அது ‘முள்ளு முனையிலே’ பாட்டு மாதிரிதான் ஒலிக்கும் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் கூட்டத்திலிருந்து யாராவது ‘தண்ணியே இல்லையே!’ என்று சொல்லிவிடுவார்கள்.

எங்கள் ஊரிலும் ஒரு அக்டோபர் 2 கிராம சபையில் அந்த நகலை நான் படித்தேன். பாதியில் நிறுத்தச் சொன்னார்கள். பின்வரிசையில் இருந்த பெண்கள் ‘படிக்கட்டும்’ என்றார்கள். முழுக்கப் படித்தேன். விசாரணை நடக்கும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். ஊரணி இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. தீர்மானத்தின் நகலைக் கேட்டு மறுபடி மனு போட்டிருக்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பாட்டை முழுமையாக, ஒவ்வொரு வட்டாரத்தின் அடிகளோடும் சேர்த்து வெளியிடுங்கள். அப்பத்தா நோட்டக்காரரோடு நிறுத்திவிடுவார். அதற்குப் பிறகும் அடிகள் பாடுகிற ஊர்கள் இருந்தால், தெரிந்த வாசகர்கள் எழுதி அனுப்ப வேண்டும். எங்கள் தெருப் பிள்ளைகள் இதை இப்போது பாடுகிறார்கள். நோட்டக்காரன் என்றால் காசு நல்லதா கள்ளமா என்று பார்த்துச் சொல்கிறவன் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
மானாமதுரை வட்டம், சிவகங்கை மாவட்டம்.