அக்காவுக்கு, பலெர்மோவின் இரவுகளைப் பற்றி

பலெர்மோ,
சிசிலி, இத்தாலி
18 மே 2025

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நாங்கள் நாலு பேரும் நல்ல சுகம். உங்கள் சுகமும், அம்மாவின் முழங்கால் நோவு எப்படி இருக்கிறது என்பதும் அறிய ஆவல். விசா கிடைத்த செய்தியை அத்தான் சொன்னபோது நான் வேலையில் நின்றேன். சாளை மீனுக்கு முள்ளெடுத்துக்கொண்டிருந்த கையைக் கழுவிவிட்டு, குசினியின் பின்கதவுப் படியில் போய்க் கொஞ்ச நேரம் இருந்தேன். 24 வருடமாக இந்த ஊரைப் பற்றி உங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இனி நீங்களே பார்க்கப்போகிறீர்கள்.

"பத்து நாளும் உன் வீட்டுக்குள் புட்டும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டா இருப்பது? அங்கே எங்கே சாப்பிடுவார்கள், இரவில் எங்கே போவார்கள்?" என்று அக்கா கேட்டீர்கள். தொலைபேசியில் சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் நேரம். ஜூலையில் இங்கே சூரியன் மறைய இரவு எட்டரை ஆகும். சாப்பாட்டுக் கடைகள் ஏழரை, எட்டு மணிக்குத் திறந்தாலும் அந்த நேரத்தில் மேசையில் இருப்பவர்கள் வெளியூர்க்காரர்கள்தான். பலெர்மோக்காரர்கள் ஒன்பதரைக்கு மேல்தான் வருவார்கள். ஏழு மணிக்கே சாப்பிட்டுப் பழகிய உங்களுக்கு முதல் இரண்டு நாளும் வயிறு கத்தும். அதற்கும் வழி உண்டு: மத்தியானம் நன்றாகத் தூங்குங்கள், ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் நேரம் அது. பொழுது சாயும்போது ஒரு பாரில் குடிக்க ஏதாவது வாங்கினால், கூடவே ஒலிவ் காயும் சிறு தட்டுகளில் கொறிக்க ஏதாவதும் வைப்பார்கள். அப்பெரித்தீவோ என்று அதற்குப் பெயர். மதுதான் குடிக்க வேண்டும் என்றில்லை, தோடம்பழச் சாறு கேட்டாலும் அதே மரியாதை.

இன்னொன்று. வாசலில் ஆளை நிறுத்தி, போகிறவர் வருகிறவர் கையைப் பிடித்து இழுக்கும் கடையில் தயவுசெய்து உட்காராதீர்கள். வந்த புதிதில் அப்படியான ஒரு கடையில்தான் கோப்பை கழுவினேன். பெயர் வேண்டாம். உறைய வைத்த மீனைச் சூடாக்கி, இன்று காலை கடலில் பிடித்தது என்று விற்றார்கள். எங்கள் சம்பளத்திலும் பாதியைத்தான் தந்தார்கள். நல்ல கடையில் அன்றைய சமையலைக் கரும்பலகையில் எழுதி வைத்திருப்பார்கள், அது நாளுக்கு நாள் மாறும். பில்லில் ஆளுக்கு இரண்டு, மூன்று யூரோ தனியாக இருந்தால் திகைக்க வேண்டாம். மேசைக்கும் பாணுக்குமான காசு அது. கொப்பெர்த்தோ என்பார்கள், இங்கே வழக்கம்.

ஆனால் உண்மையைச் சொன்னால், இந்த ஊரின் அருமையான சாப்பாடு மேசையில் இல்லை, தெருவில் இருக்கிறது. உங்களை முதலில் கூட்டிக்கொண்டு போகப்போவது பனெல்லே வண்டிக்கு. அக்கா, அது நம் கடலை மா! கடலை மாவைத் தண்ணீரில் உப்போடு களி போலக் கிண்டி, இலை தூவி, ஆறவிட்டு, மெல்லிய துண்டாக வெட்டி எண்ணெயில் பொரிக்கிறார்கள். எள்ளுப் போட்ட பாணுக்குள் நாலைந்தை வைத்து, தேசிக்காய் பிழிந்து தருவார்கள். முதல் முறை வாயில் வைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. வந்து மூன்று வாரம், மொழி தெரியாது, கையில் காசில்லை. இத்தனை கடல் தாண்டி வந்தும் கடலை மா பொரியும் வாசம் வருகிறதே என்று அந்தத் தெருவில் அப்படியே நின்றுவிட்டேன். வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் உங்களுக்கு அதுதான். கூடவே புதினா போட்ட உருளைக்கிழங்குப் பொரியலும் கிடைக்கும்.

அரஞ்சினா என்பது தோடம்பழ அளவில் சோற்றை உருட்டி, உள்ளே கறி வைத்து, பாண் தூளில் புரட்டிப் பொரிப்பது. இங்கே பெண்பாலில் 'அரஞ்சினா' என்று சொல்ல வேண்டும், உருண்டையாக இருக்க வேண்டும். சிசிலித் தீவின் மறுகரையில் கத்தானியாவில் ஆண்பாலில் 'அரஞ்சினோ', கூம்பு வடிவம். இதற்காக இரண்டு ஊரும் சண்டை பிடிக்கும், நான் பலெர்மோ பக்கம். டிசம்பர் 13, சாந்தா லூச்சியா நாளில் இந்த ஊர் முழுவதும் பாணும் பாஸ்தாவும் தொடாமல் இதைத்தான் சாப்பிடும். அக்கா கவனம்: 'கார்னே' என்றால் இறைச்சி. 'புர்ரோ' என்றால் வெண்ணெய் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள், அதற்குள் பன்றி இறைச்சியும் இருக்கும். 'ஸ்பினாச்சி' என்று கேளுங்கள், பசளி மாதிரி ஒரு கீரை. ஸ்ஃபின்சியோனே என்ற தடித்த பாண் மரக்கறி மாதிரித்தான் தெரியும், அதில் நெத்தலி கிடக்கும்.

மண்ணீரல் பாணும் உண்டு. மாட்டினுடையது என்பதால் நாம் தொட வேண்டாம். ஆனாலும் விற்கிறவர் சரிந்த சட்டியின் முன்னால் நிற்கும் அழகைப் பாருங்கள். தேசிக்காய் மட்டும் பிழிந்தால் அது 'கன்னி', மேலே சீஸ் போட்டால் 'கலியாணமானவள்'. 1834இல் தொடங்கிய சான் பிரான்செஸ்கோ ஃபொக்கச்சேரியா என்ற கடையில் இன்றும் அது கிடைக்கும். அத்தானுக்கு வேறொன்று வைத்திருக்கிறேன்: ஸ்டிக்கியோலா. ஆட்டுக்குடலைக் கழுவி, வெங்காயத் தாளில் சுற்றி, கரியில் சுட்டு, உப்பும் தேசிக்காயும் போட்டுத் தருவது. எங்கே விற்கிறார்கள் என்று யாரையும் கேட்க வேண்டாம், இரண்டு தெரு தள்ளியே புகை கூப்பிடும்.

ஒருநாள் மேசையிலும் உட்காருவோம். அன்று சாளை மீன் போட்ட பாஸ்தா சாப்பிட வேண்டும். காட்டுப் பெருஞ்சீரகத்தின் இலை, முந்திரிகை வற்றல், பைன் விதை, குங்குமப்பூ எல்லாம் சேரும். மீனோடு இனிப்பா என்று முகம் சுளிப்பீர்கள், நானும் சுளித்தேன். இப்போது வாரத்தில் மூன்று நாள் அதை நானே செய்கிறேன், எனக்கு அலுக்கவே இல்லை. கப்பொனாத்தா என்ற கத்தரிக்காய்க் கறி புளிப்பும் இனிப்புமாக இருக்கும். அம்மாவின் பொரித்த குழம்புக்கு இங்கே உள்ள ஒரே உறவு அது.

இரவுக்கு வருகிறேன். இதை எழுதும்போது யுத்த காலத்தில் நம் வீட்டில் ஏற்றிய ஜாம் போத்தல் விளக்கு ஞாபகம் வருகிறது. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, ஊரடங்கு. ஆறு மணிக்கு அம்மா படலையைச் சாத்திவிடுவார். நாய் குரைத்தால் அந்தத் துளி வெளிச்சத்தையும் ஊதி அணைப்போம். 2001இல் நான் இங்கே வந்த பிறகும் பல மாதம் இருட்டிய பின் வெளியே போனதில்லை. வேலை முடிந்து நள்ளிரவில் சுவரோரமாக நடந்து வீட்டுக்கு வருவேன். ஒரு நாள் அப்படி வரும்போது பார்க்கிறேன், ஒரு சதுக்கத்தில் கதிரைகளை வெளியே போட்டுக் கிழவிகள் விசிறிக்கொண்டு கதைக்கிறார்கள், பிள்ளைகள் பந்தடிக்கிறார்கள். மணி ஒன்று! எந்த வீட்டிலும் எவரும் விளக்கை அணைக்கவில்லை.

இந்த ஊரும் தன் இரவை ஒரு காலம் பறிகொடுத்த ஊர்தான். 1943இல் குண்டு விழுந்து இடிந்த மாளிகைகள் பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தன. 1992இல் நீதவான்கள் ஃபல்கோனேயும் பொர்செல்லீனோவும் மாஃபியாவால் குண்டு வைத்துக் கொல்லப்பட்டார்கள். 1897இல் திறந்த மஸ்ஸிமோ ஓப்பரா அரங்கு 1974இல் மூடப்பட்டு, 1997இல்தான் மறுபடியும் கதவு திறந்தது. பழைய நகரத்துக்கு இரவில் போகவே ஆட்கள் அஞ்சிய காலம் இருந்தது என்று என்னோடு வேலை செய்யும் கிழவர் சொல்வார். அந்த அரங்கின் முன்னால் நின்று, மக்கெதா தெருவில் கடலைப் போல நகரும் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

அந்தத் தெருவில் வண்டிகள் ஓடா. நாலு மூலைச் சந்தி வரை ஐஸ்கிறீமோடு மெதுவாக நடப்போம். இங்கே அதைப் பன்னுக்குள் வைத்துத் தருவார்கள், காலையிலும் அதைத்தான் சாப்பிடுகிறார்கள். பிறகு உங்களை மஜியோனே சதுக்கத்துக்குக் கூட்டிப்போவேன். குண்டு விழுந்து வெளியான நிலம் அது, இப்போது புல்வெளி. அந்த இரண்டு நீதவான்களும் பிறந்து விளையாடிய சுற்றாடல். இன்று அந்தப் புல்லில் மாணவர்கள் விடியும் வரை இருந்து பாடுகிறார்கள். பக்கத்தில் ஸ்பாசிமோ என்றொரு தேவாலயம், கூரையே இல்லை. சுவருக்கு மேலே வானமும் நட்சத்திரமும்தான். கோடையில் அதற்குள் ஜாஸ் இசை நடக்கும். இசை விளங்குமா என்று அத்தான் கேட்க வேண்டாம், அந்தச் சுவர்களுக்கு நடுவில் இருந்தால் போதும்.

வுச்சிரியா பகலில் அடங்கிப்போன சந்தை, இரவில் இளைஞர் கூட்டம். பாட்டுச் சத்தம் காதை அடைக்கும், பிளாஸ்டிக் கிளாசில் பியர் கையோடு கை மாறும். ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வருவோம், அதற்கு மேல் உங்களுக்குத் தலை இடிக்கும். கைப்பையை முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். அதைவிட எனக்குப் பல்லரோ சந்தைதான் பிடிக்கும். நான் முதலில் குடியிருந்த பகுதி, நம் ஆட்களும் ஆபிரிக்கர்களும் வங்காளிகளும் கலந்த இடம். 2014இல் தொடங்கிய மொல்திவொல்தி என்ற சாப்பாட்டுக் கடை அங்கே இருக்கிறது. 'பல முகங்கள்' என்று பொருள். பல நாட்டு ஆட்கள் சேர்ந்து சமைக்கும் இடம். சிசிலியச் சாப்பாடும் ஆபிரிக்கச் சாப்பாடும் ஒரே மேசைக்கு வரும். மகள் தன் சிநேகிதிகளோடு போவது அங்கேதான்.

மொந்தெல்லோ கடற்கரைக்கு ஞாயிறு வேண்டாம், கிழமை நாளில் போவோம். அவித்த பேய்க்கணவாய்க்கு எண்ணெயும் தேசிக்காயும் விட்டுத் தருவார்கள். அது போதும், அங்கே மற்றதெல்லாம் விலை.

இனி, உங்களை ஏன் ஜூலையில்தான் வரச் சொன்னேன் என்பதைச் சொல்கிறேன். 14ஆம் தேதி இரவு சாந்தா ரொசாலியாவின் திருவிழா. 1624இல் கொள்ளைநோய் வந்தபோது ஊரைக் காத்தவர் என்று நம்புகிறார்கள். போன வருடம் 400ஆவது விழா. பெல்லெக்ரீனோ மலையில் அவரின் குகைக்கோயில் இருக்கிறது. நம் ஆட்கள் சைவரும் வேதக்காரரும் என்று பாராமல் ஞாயிறுகளில் அங்கே ஏறுவார்கள். நானும் வேலை கிடைத்த கிழமையில் ஏறினேன். திருவிழா இரவில் தேர் இழுப்பார்கள் அக்கா, நல்லூர்த் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். கப்பல் வடிவில் பெரிய தேர், மேலே ரொசாலியா. நாலு மூலைச் சந்தியில் தேர் நின்றதும் மேயர் ஏறிப் பூ வைத்து, "வீவா பலெர்மோ எ சாந்தா ரொசாலியா!" என்று கூவுவார். பிறகு தேர் கடலை நோக்கி இறங்கும், கடற்கரையில் வாணவேடிக்கை. தெருவெல்லாம் வறுத்த கடலை, பூசணி விதை, அவித்த சோளம், வத்தகப்பழம், உள்ளியோடு சமைத்த நத்தை. வத்தகப்பழச் சாற்றை மாவோடு காய்ச்சி, மல்லிகை வாசம் ஏற்றிக் குளிரவைத்த களியும் உண்டு. ஜெலோ என்பார்கள். மல்லிகையைத் தலையில் வைக்காமல் வாயில் வைப்பதை அம்மாவுக்குச் சொல்லுங்கள், சிரிப்பார்.

இவ்வளவும் எழுதுகிறேனே, அந்த வாணவேடிக்கையை நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. 24 திருவிழாவும் குசினியில்தான். வருடத்தில் அதிகம் சாப்பாடு போகும் இரவு அது. சத்தம் கேட்கும், பாத்திரங்கள் அதிரும், வானம் எந்த நிறத்தில் வெடித்தது என்று மனைவி வீட்டுக்கு வந்த பிறகு சொல்வாள். இந்த முறை ஜனவரியிலேயே முதலாளியிடம் 13ஆம் தேதி தொடக்கம் நாலு நாள் லீவு கேட்டேன். யாருக்காக என்று கேட்டார். அக்காவுக்காக என்றேன். உடனே தாளில் எழுதிக்கொண்டார்.

வரும்போது தட்டையான செருப்பாகப் பார்த்துப் போடுங்கள், இந்தத் தெருக்களின் கல் தேய்ந்து வழுக்கும். மெல்லிய சால்வை ஒன்று, கடற்காற்றுக்கு. மிளகாய்த்தூள் ஒரு கிலோ, அம்மா வறுத்து இடித்ததாக இருக்க வேண்டும். பனங்கட்டி கொஞ்சம் கூடவே கொண்டுவாருங்கள், முதலாளிக்கும் ஒரு குட்டான் கொடுக்க வேண்டும்.

அன்புத் தம்பி