கேள்வி கேட்பதும் சினிமாதான்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அகதா கிறிஸ்டியின் 'மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' நாவல் 1974-ல் படமானதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பனியில் சிக்கி நிற்கும் ரயிலில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிப்பது நாடகம்தானே தவிர சினிமா இல்லை என்கிறார் கட்டுரையாளர். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கிரெட்டா ஓல்சன் என்ற மிஷனரிப் பெண்ணாக இங்க்ரிட் பெர்க்மன் விசாரணைக்கு வந்து உட்காரும் காட்சியை அவர் இன்னொரு முறை பார்க்க வேண்டும். இயக்குநர் சிட்னி லூமெட் அதை வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்திருக்கிறார். துப்பறிவாளர் புவாரோ கேட்கக் கேட்க, அந்த முகத்தில் பயமும் பக்தியும் கூச்சமும் மாறி மாறி வந்து போகின்றன. இவள் எதையாவது மறைக்கிறாளா, இல்லை சுபாவமே இப்படியா என்று நாமும் அந்த முகத்தையே துருவிக்கொண்டிருக்கிறோம். லூமெட் முதலில் பெர்க்மனுக்குக் கொடுக்க நினைத்தது ரஷ்ய இளவரசி வேடத்தை. இந்தச் சின்ன வேடத்தை அவரே கேட்டு வாங்கினார். அதற்கு ஆஸ்கரும் வாங்கினார்.

அப்புறம், நாவலை அப்படியே படம் பிடித்துவிட்டார்கள் என்பதும் சரியில்லை. 1934-ல் வந்த நாவலில், கொலை நடந்த பிறகு, கருகிய காகிதத் துண்டு ஒன்றிலிருந்துதான், முன்பு கடத்திக் கொல்லப்பட்ட டெய்ஸி ஆம்ஸ்ட்ராங் என்ற குழந்தையின் பெயர் புவாரோவுக்குக் கிடைக்கிறது. படமோ அந்தக் குழந்தை கடத்தப்படுவதில்தான் தொடங்குகிறது. ஒரு திருப்பம் முன்கூட்டியே கைவிட்டுப் போகிறது, உண்மைதான். ஆனால் அமெரிக்காவில் 1932-ல் புகழ்பெற்ற விமானி லிண்ட்பெர்க்கின் குழந்தை கடத்திக் கொல்லப்பட்ட செய்தி நாவலின் முதல் வாசகர்கள் மனதில் ஆறாமல் இருந்தது. நாற்பது வருஷம் கழித்துத் தியேட்டருக்கு வந்தவர்களுக்கு அந்தத் துக்கத்தைப் படம்தான் கொடுக்க வேண்டியிருந்தது. அதைக் கொடுத்துவிட்டுத்தான் லூமெட் ரயிலைக் கிளப்புகிறார்.

இதே நாவலை வைத்து 2017-ல் கென்னத் பிரானா எடுத்த படத்தில் பாலத்தில் துரத்தல், துப்பாக்கிச் சூடு எல்லாம் உண்டு. துரத்தல் முடிந்ததும் கதை விட்ட இடத்திலேயே நிற்கிறது. மறுபடி யாரையாவது உட்காரவைத்துக் கேள்வி கேட்டால்தான் நகர்கிறது.

இன்னொன்று. கொலை செய்தது யார் என்பதைக் கட்டுரையின் இரண்டாவது பத்தியிலேயே போட்டு உடைத்துவிட்டீர்கள். எவ்வளவு பழைய கதையானாலும், இனிமேல் பார்க்கப்போகும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது புதுக்கதை. அடுத்த முறை முன்னாலேயே ஒரு வரி எச்சரிக்கையாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநெல்வேலி