அப்பாவின் வீராவும் எக்ஸ்ட்ராக்டரும்

செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள குணா,

உன் அப்பாவின் புரோட்டான் வீரா காருக்கு எக்ஸ்ட்ராக்டர், அதாவது எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் நீளக் குழாய்த் தொகுதி, போடலாமா, போடுவதென்றால் பட்டறையில் விடுவதா, வீட்டிலேயே செய்வதா என்று கேட்டிருந்தாய். கைபேசியில் இரண்டு வரி தட்டி அனுப்ப மனம் வரவில்லை. என் வீராவுக்குப் போட்டுச் சில மாதங்கள் ஓட்டியும் பார்த்துவிட்டேன், அதனால் நிதானமாகவே எழுதுகிறேன்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குக் கண்புரை எடுத்தாயிற்று. இப்போது நாளிதழைத் தானே வாசிக்கிறார், எனக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுகிறார். மூத்தவள் சிரம்பானில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சின்னவன் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படிக்கிறான். எக்ஸ்ட்ராக்டர் வேலையில் எனக்குக் கைக்கு உதவி அவன்தான். என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. காடிக்கு அடியில் படுப்பது சுலபம், எழுந்திருப்பதுதான் பாடு.

சரி, காடிக்கு வருவோம். வேலை தேடி அலைந்த நாட்களில் உன் அப்பா அந்த வீராவோடு நம்மையும் ஃபெரியில் ஏற்றிக்கொண்டு ஜார்ஜ்டவுனுக்குக் கூட்டிப்போவாரே, நினைவிருக்கிறதா? 2021 தொடங்கியதிலிருந்து ஃபெரியில் காடியே ஏற்றுவதில்லை. அந்தக் காடி இன்னும் உன் வாசலில் நிற்பது எனக்குப் பெரிய விஷயம். அதை யாரிடமோ விட்டுவிட்டு, துருப்பிடித்த நட்டுகளை அவசரத்தில் முறுக்கி உடைக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். வீட்டில் செய். உன்னிடம் நேரம் இருக்கிறது. இந்த வேலைக்கு முக்கியமாக வேண்டியது அதுதான்.

ஆனால் குதிரைச்சக்தி கூடும் என்று நம்பி இறங்காதே. மற்றபடி எதையும் மாற்றாத எஞ்சினில் கிடைக்கும் லாபம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டால் எதை வாங்குவது என்பதும் தெளிவாகிவிடும். கம்பெனி போட்டுத்தரும், புகையைச் சேர்த்து வெளியே விடும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் நான்கு சிலிண்டரின் வழிகளும் குட்டையாக ஓடி ஒரே இடத்தில் முட்டிக்கொள்கின்றன. ஒன்று வெளியே தள்ளும் புகை பக்கத்துச் சிலிண்டரின் வழியை நெருக்குகிறது. அதற்குப் பதிலாகப் போடும் எக்ஸ்ட்ராக்டரில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நீளமான குழாய். புகை வெளியேறும் எக்ஸோஸ் வால்வு திறந்ததும் புகை ஓர் அழுத்த அலையாக அந்தக் குழாயில் ஓடும். குழாய்கள் சேர்ந்து அகலமாகும் இடத்தை எட்டியதும், அந்த அலையில் ஒரு பங்கு தாழ்ந்த அழுத்தமாகத் திரும்பி வரும். அது வால்வை வந்து சேரும் வேளையில், காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வும் சற்றுத் திறந்திருந்தால், சிலிண்டரில் மிஞ்சியிருக்கும் புகையை இழுத்துக்கொண்டு போய்விடும், புதுக் காற்றுக்கு இடம் கிடைக்கும். எல்லா வேகத்திலும் இப்படிப் பொருந்தி வராது. குழாயின் நீளத்தைப் பொறுத்து ஏதோ ஒரு சுழற்சி வேகத்தில்தான் நன்றாகப் பொருந்தும்.

அதனால்தான் உனக்கு, நான்கு குழாய் இரண்டாகி பிறகு ஒன்றாகச் சேரும் 4-2-1 வகையைச் சொல்கிறேன். நம் எஞ்சினின் சிலிண்டர்கள் 1-3-4-2 என்ற வரிசையில் வெடிக்கின்றன. 4-2-1இல் ஒன்றையும் நான்கையும் ஒரு ஜோடியாக, இரண்டையும் மூன்றையும் இன்னொரு ஜோடியாகச் சேர்ப்பார்கள். ஜோடியில் ஒன்று வெடித்து கிராங்க் தண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றிய பிறகுதான் மற்றது வெடிக்கும், ஒன்றின் வழியில் ஒன்று குறுக்கே வராது. பலன் நடுத்தர வேகத்தில் தெரியும். நான்கும் ஒரே இடத்தில் சேரும் 4-1 பொதுவாக மேல் சுழற்சியில்தான் உதவும், பந்தயத் தடத்துக்குச் சரி. நீ ஓட்டுவது பாயா தெருபோங்கிலிருந்து துன் சார்டோன் சாலையில் ஏறி பாலிக் புலாவுக்கு. அந்த வளைவுகளில் எஞ்சினை அலற விட்டு ஏறுகிறவன் இல்லை நீ. நான் காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றத்தில் பார்த்தேன். முன்பு மூன்றாவது கியருக்கு இறக்கும் இடத்தில் இப்போது நான்காவதிலேயே இழுக்கிறது. எனக்கு அது போதும்.

வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதே, ஃபிளாஞ்சைப் பார். சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டோடு ஒட்டும் அந்தத் தட்டு தடிமனாக இருக்க வேண்டும். வெல்டிங் சூட்டில் மெல்லிய தட்டு வளைந்துவிடும். கடையிலேயே ஒரு இரும்பு அளவுகோலை அதன்மேல் நிமிர்த்தி வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார். நடுவில் வெளிச்சம் கசிந்தால் வேறு கேள். உனக்கு இன்னொரு விஷயமும் இருக்கிறது, நீ இருப்பது பிறையில், கடற்காற்று. சாதாரண இரும்புக் குழாய் சீக்கிரம் துருவேறும். கூடுதல் காசு போனாலும் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்கு. சாதாரண இரும்பின்மேல் சூட்டுத் துணி சுற்றித் தருகிறேன் என்பார்கள், வேண்டாம். ஈரத்தை அது பிடித்துவைத்துக்கொள்ளும்.

இனி கழற்றும் வேலை. பாதி வெற்றியே இதில்தான். ஹெட்டில் பதிந்து நட்டைத் தாங்கும் மரைக்கம்பிகளான ஸ்டட்டுகள் இத்தனை வருடம் சூடாகி ஆறியவை. வேலைக்கு முந்தைய சில நாட்கள் மாலைதோறும் துரு இளக்கும் எண்ணெயை ஒவ்வொரு நட்டிலும் விட்டுக்கொண்டே வா. ஆறு முனை சாக்கெட்டைப் போடு, பன்னிரண்டு முனை சாக்கெட் நட்டின் மூலையை வழித்துவிடும். எடுத்த எடுப்பில் தளர்த்தாதே. முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை அசை, துருவின் பிடி விடும், பிறகு தளர்த்து. நகர மறுத்தால் எண்ணெய் விட்டு ஒரு தேநீர் குடித்துவிட்டு வா. நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து வந்துவிட்டால் கவலையே இல்லை, புது ஸ்டட் மலிவு. உள்ளே உடைந்து நின்றால் மட்டும் நீயே துளை போடப் பார்க்காதே. ஹெட் அலுமினியம், துளை கோணினால் சரிசெய்வது கஷ்டம். வெல்டிங் தெரிந்தவர் அந்த முனையில் ஒரு நட்டைப் பற்றவைத்தால், அந்தச் சூட்டிலேயே பெரும்பாலும் இளகி வந்துவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்று, எஞ்சின் ஆறட்டும். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன் குணா, ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதே. செங்கல்லும் கூடாது. ஜாக் ஸ்டாண்ட் இரண்டு வாங்கு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடு. உன் வீட்டுப் போர்ச் வாசலை நோக்கிச் சரிவது எனக்குத் தெரியும். அங்கே வேண்டாம், சமதளமான இடமாகப் பார்.

மாட்டும்போது, கசிவைத் தடுக்க நடுவில் வைக்கும் கேஸ்கெட் புதிதாக இருக்க வேண்டும், உலர்ந்ததாகவே வை. சிலிகான் பூசினால் நல்லது என்பார்கள். அதன் ஆவி, புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கெடுக்கும். உன் காடியில் சென்சார் இருந்தால் அதற்கென்றே பக்கம் வெட்டிய சாக்கெட் கிடைக்கும், அதால் கழற்று. திரும்பப் போடும்போது மரையில் மட்டும் சூடு தாங்கும் பசை, முனையில் படவே கூடாது. எல்லா நட்டையும் முதலில் கையால் ஏற்று. கீழே பின்குழாயோடு சேரும் இணைப்பையும் தளர்வாகவே மாட்டு. எங்கும் இழுபறி இல்லை என்று பார்த்துவிட்டு, ஹெட் பக்கம் நடுவிலிருந்து வெளியே போகிறபடி இரண்டு மூன்று சுற்றில் இறுக்கு. ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கத்தை இழுத்து மாட்டினால் அந்த இறுக்கம் குழாயிலேயே தங்கி, பிறகு ஒருநாள் வெல்டிங் வெடிக்கும். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச்சில் எவ்வளவு வைப்பது என்பதை எஞ்சின் கையேட்டில் உள்ளபடியே வை.

நம் எஞ்சினில் எக்ஸோஸ் ரேடியேட்டர் பக்கம் என்பதால் புதுக் குழாய் மின்விசிறிக்கு நெருக்கமாக இறங்கி, எஞ்சின் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்ப்புக்கு அடியில் போகும். வயர், ரப்பர் ஹோஸ், விசிறி எதற்கும் ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும். எஞ்சின் தன்னைத் தாங்கும் மவுண்ட்டில் ஆடும் என்பதையும் கணக்கில் எடு. சூடு மறைக்கும் தகடு இல்லாத எக்ஸ்ட்ராக்டரானால் ஒன்று செய்து போடு. பினாங்குப் பாலத்தில் நெரிசலில் நிற்கும்போது அந்தச் சூடு முழுக்க முன்னாலேயே தேங்கும். வேலை முடிந்ததும் குழாயில் பட்ட கைரேகையை ஸ்பிரிட்டால் துடை, இல்லாவிட்டால் அது அப்படியே சுட்டுப் படிந்துவிடும்.

முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது எண்ணெய் எரிந்து புகை வரும், பயப்படாதே. வாசல் திறந்திருக்கட்டும், கொட்டகைக்குள் ஓடவிடாதே. எஞ்சின் சூடேறும் முன்பே இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார், குமிழி வந்தால் கசிவு. டிக் டிக் என்ற சத்தமும் கசிவின் சத்தம்தான். சென்சாருக்கு முன்னால் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, பெட்ரோல் குறைவு என்று சென்சார் தவறாகச் சொல்லும், கணினி பெட்ரோலைக் கூட்டிவிடும். மலிவான குழாயைக் கசிவில்லாமல் மாட்டினாலும் நன்றாக ஓடும். கசிந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் வீண். சில நாள் ஓட்டியபின், எஞ்சின் ஆறியிருக்கும்போது எல்லா நட்டையும் மறுபடி ஒருமுறை சரிபார். சூட்டில் கேஸ்கெட் அமுங்குவதால் பிடி சற்றுத் தளர்ந்திருக்கும்.

பின்னால் உள்ள சைலன்சரைத் தொடாதே. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருந்தால் அதையும் விட்டுவிடு. வாகன ஒலிக்கென்று 1987ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் சோதனையில் பிடித்தால் சம்மன்தான். அதைவிட, உன் தாமான் குடியிருப்பில் இரவு வேலை முடிந்து தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கழற்றிய பழைய மேனிஃபோல்டைத் துடைத்து எண்ணெய் பூசி எடுத்து வை, இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதே. அது உன் அப்பாவின் காடியோடு வந்த பொருள். என்றைக்காவது வாகனப் பரிசோதனை நிலையமான புஸ்பகோமில் கேள்வி வந்தாலும் கையில் இருக்கும்.

விடுமுறையில் சின்னவனோடு ஈடிஎஸ் ரயில் பிடித்து பட்டர்வொர்த் வருகிறேன். டார்க் ரென்ச் நான் கொண்டுவருகிறேன், ஜாக் ஸ்டாண்டும் கேஸ்கெட்டும் நீ வாங்கி வை. அதற்குள் ஸ்டட்டுகளைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பு, எத்தனை புதிதாக வேண்டும் என்று பார்த்து இங்கேயே வாங்கிவிடலாம். எண்ணெய் விடுவதை இன்றே தொடங்கு.

அன்புடன்,
சேகர்