அக்காவுக்கு, தெற்கு தாய்லாந்தின் ட்ராங்கிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சல் வந்து சேர்ந்துச்சு. பருப்புப்பொடி பாக்கெட்டுக்கு நடுவுல நீ மடிச்சு வெச்சிருந்த லெட்டரும் கிடைச்சுது. எல்லாத்தையும் போன்லயே தட்டி விடுற ஆளு நீ, கையால நாலு பக்கம் எழுதியிருக்கேன்னா விஷயம் பெருசுதான்னு பிரிக்கும்போதே தெரிஞ்சுது. நானும் இத்தனை மாசமா பண்டிகை வாழ்த்து, ஒரு கட்டைவிரல் படம், அதுக்கு மேல எதுவும் அனுப்பல. "அங்க போனதும் அவ மாறிட்டா"ன்னு அம்மா சொன்னாங்களாமே, அது மட்டும் மனசுல தைச்சிருச்சு. மாறல அக்கா. நேரம் கிடைக்கும்போது நீங்க தூங்கியிருப்பீங்க, நீங்க முழிச்சிருக்கும்போது நான் கிளாஸ்ல நிப்பேன், அப்படியே தள்ளிப்போயிடுது.

உன் நாத்தனார் பையன் கார்த்திக்கு இங்க என்னை மாதிரி டீச்சர் வேலை கிடைக்குமான்னு கேட்டிருக்கியே, அந்த விஷயத்துக்கு வரேன், விவரமாவே எழுதறேன். அதுக்கு முன்னாடி அம்மா கேட்டதுக்கு பதில் சொல்லிடறேன். சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்ல. ஸ்கூல் வாசல்ல ஒரு அம்மா காலையில கனோம் சீன்னு விக்கிறாங்க, பாத்தா நம்ம இடியாப்பம் மாதிரியே சுருட்டி சுருட்டி அடுக்கியிருக்கும். அது மேல மஞ்சள் அரைச்சு தேங்காப்பால் விட்ட மீன் குழம்பை ஊத்தி, பக்கத்துல பச்சை பயத்தங்காய், வெள்ளரிக்காய், பேர் தெரியாத இலை ஏழெட்டு வகை வெச்சுடுவாங்க, எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கலாம். காரம் நம்ம காரத்தை தூக்கி சாப்பிடும், தாய்லாந்துலயே தெக்கத்தி ஆளுங்கதான் காரத்துக்கு பேர் போனவங்களாம். மீன் குடல்ல ஒரு குழம்பு வெப்பாங்க, அது பக்கம் மட்டும் நான் போறதில்ல. இந்த ஊர்க்காரங்க காலங்காத்தால காபியோட பன்னி ரோஸ்ட் சாப்பிடறாங்கன்னு சொன்னா அப்பா நம்ப மாட்டார், ஆனா ட்ராங் ஊருக்கு பேரே அதுலதான். அக்டோபர் வாக்குல ஒன்பது நாள் சீனக் கோயில் திருவிழா வரும், ஊர் முழுக்க மஞ்சக் கொடி கட்டி சைவம் மட்டும் சமைப்பாங்க, சில வருஷம் அது நம்ம புரட்டாசிலயே வந்துடும். அம்மாகிட்ட இதை மறக்காம சொல்லு, சந்தோஷப்படுவாங்க. குளிர்னு ஒண்ணு இங்க கிடையாது, ஸ்வெட்டர் அனுப்பாதீங்க. மழைதான், டிசம்பர்ல துணி காயறதுக்குள்ள உயிர் போயிடும்.

வீட்டுக்காரரை பத்தி போன்ல சொன்னேன்ல, கொண்டைக்குருவி வளக்குறவர். கீழ் வீட்டு வாசல்ல கம்பம் நட்டு அதுல கூண்டு கூண்டா தொங்கும். விடிஞ்சதும் துணியை விலக்கி ஒவ்வொண்ணா வெயில்ல மாட்டுவார், வாழைப்பழத்தை நீளவாக்குல பிளந்து கம்பியில குத்தி வெப்பார், அப்புறம் ஸ்டூல் போட்டு முன்னாடி உக்காந்து கண்ணை மூடிட்டு அது கத்துறதை கேப்பார். ஞாயித்துக்கிழமை இதுக்கு போட்டியே நடக்குது. வரிசையா கூண்டை மாட்டி, எது எத்தனை தடவை பாடுதுன்னு ஆள் நின்னு எண்ணுவாங்க. ஒரு நாளைக்கு என்கிட்ட பேசறது ரெண்டு வார்த்தை, "க்ரூ, சாப்டாச்சா", அவ்வளவுதான், க்ரூன்னா இங்க டீச்சர். ஆனா நல்ல மனுஷன். வெளிநாட்டு ஆள் வந்து தங்கினா 24 மணி நேரத்துக்குள்ள இமிக்ரேஷனுக்கு வீட்டுக்காரர்தான் தகவல் கொடுக்கணும், டிஎம் 30ன்னு ஒரு ஃபாரம். நிறைய வீட்டுக்காரங்க அதை போடவே மாட்டாங்க, அப்புறம் விசா நீட்டிக்கப் போற டீச்சர் தலையிலதான் விடியும். இவர் அன்னைக்கே கிளம்பிட்டார், வண்டியில முன்னாடி ஒரு கூண்டு, பின்னாடி நான். ஆபீஸ் வாசல் மரத்துல குருவியை மாட்டிட்டு உள்ள வந்து கையெழுத்து போட்டார்.

சரி, கார்த்தி. உன் பெரிய நாத்தனார் கேக்கறாங்க, அத்தானுக்கும் இது மரியாதை விஷயம், அது எனக்கு புரியாம இல்ல. ஆனா அந்த ஏஜென்ட் சொன்னதா நீ எழுதியிருக்கியே, "இப்போதைக்கு டூரிஸ்டா போயிடு, அங்க போய் மாத்திக்கலாம், 2 லட்சம் கொடு"ன்னு, அந்த ஒரு வரி போதும், அந்த ஆள்கிட்ட ஒரு பைசா கொடுக்க வேணாம்னு சொல்லிடு. 2024 ஜூலையில இந்தியாக்காரங்களுக்கு விசா இல்லாமலே 60 நாள்னு தாய்லாந்து அறிவிச்சுதுல்ல, அதை காட்டித்தான் இந்த ஆளுங்க பிழைக்கிறாங்க. அது சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு. அதை வெச்சு கிளாஸ்ல சாக்பீஸ் புடிச்சா அது வொர்க் பர்மிட் இல்லாத வேலை, மாட்டினா இந்த ஊர் காசுல 5,000லேர்ந்து 50,000 பாத் வரைக்கும் ஃபைன், ஊருக்கு திருப்பி அனுப்பிடுவாங்க, அப்புறம் ரெண்டு வருஷம் பர்மிட்டுக்கு அப்ளையே பண்ண முடியாது. நாள் தாண்டி தங்கினா ஒரு நாளைக்கு 500 பாத், 20,000 வரைக்கும் ஏறும். வேலை கொடுத்த ஸ்கூலுக்கும் ஃபைன் உண்டுதான், ஆனா பாஸ்போர்ட்ல ஸ்டாம்ப் விழறது நம்ம பையனுக்கு.

இன்னொண்ணு, இதை அத்தான்கிட்ட தனியா சொல்லு, நாத்தனார் முன்னாடி வேணாம், பயந்துடுவாங்க. தாய்லாந்துல வேலைன்னு கூட்டிட்டு வந்து, மே சோட்னு ஒரு பார்டர் ஊர் வழியா மியான்மர்ல மியாவாடிக்கு கடத்திட்டு போய், கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வெச்சு மோசடி வேலை செய்ய வெச்சாங்களே, அங்கேர்ந்து 2025 மார்ச்ல மட்டும் 549 பேரை நம்ம அரசாங்கம் விமானப்படை விமானத்துல கூட்டிட்டு வந்துச்சு. நம்ம ஊர் பசங்களும் படிச்ச பசங்கதான் இதுல போய் விழறாங்க. அதனால ஸ்கூல் பேரு என்ன, எந்த ஊரு, யாரு கையெழுத்து போட்ட கான்ட்ராக்ட், இது மூணும் கைக்கு வராம டிக்கெட்டே பேசக்கூடாது. ஏஜென்ட் வழியாத்தான் வரணும்னா நம்ம அரசாங்கத்தோட இ-மைக்ரேட் சைட்ல அந்த ஆளோட லைசென்ஸ் நம்பர் இருக்கான்னு பாருங்க. பதிவு பண்ண ஏஜென்ட் வாங்கக்கூடிய ஃபீஸே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், 2 லட்சம் கேக்கறான்னாலே கணக்கு தெரிஞ்சு போச்சு.

முறைப்படி வரணும்னா நான் வந்த வழியை சொல்றேன், கார்த்தி குறிச்சு வெச்சுக்கட்டும். முதல்ல டிகிரி. அவன் கடைசி அரியர் பாஸ் பண்ணிட்டானா, கான்வகேஷன் சர்டிபிகேட் கைல வந்துடுச்சா? ப்ரொவிஷனலை வெச்சுட்டு கிளம்பினா பாதியில நின்னுடும். இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கறதுக்குன்னு ஆன்லைன்ல 120 மணி நேரம்னு ஒரு டெஃப்ல் சர்டிபிகேட் விக்கறாங்கல்ல, அது இருந்தா நல்லது, ஆனா அது டிகிரிக்கு ஈடு ஆகாது, ஏஜென்ட் ஆகும்னுதான் சொல்லுவான். டிகிரியை அட்டெஸ்ட் பண்ணணும், பாஸ்போர்ட் ஆபீஸ்ல போலீஸ் கிளியரன்ஸ் வாங்கணும். அப்புறம் இங்கிலீஷ் பரீட்சை. நாம எத்தனை வருஷம் இங்கிலீஷ்லயே படிச்சு இங்கிலீஷ்லயே பாடம் எடுத்திருந்தாலும், இவங்க கணக்குல நாம இங்கிலீஷை தாய்மொழியா பேசுறவங்க இல்ல, அதனால டோயிக் ஸ்கோர் கேப்பாங்க, என்கிட்ட 600க்கு மேல கேட்டாங்க. எங்க ஸ்கூல்ல இங்கிலாந்துலேர்ந்து வந்த ஒருத்தருக்கு இந்த பரீட்சை கிடையாது, சம்பளமும் என்னை விட அதிகம், அவர் என்கிட்டதான் வந்து பாஸிவ் வாய்ஸ் எப்படி நடத்தறதுன்னு கேட்டுட்டு போவார். எனக்கு இது வலிக்குது அக்கா, பொதுவா யார்கிட்டயும் சொல்றதில்ல, உன்கிட்ட எழுதறேன். கார்த்தியும் இதுக்கு மனசை தயார் பண்ணிட்டு வரணும்.

இதெல்லாம் கொடுத்ததும் ஸ்கூல்லேர்ந்து லெட்டர் வரும், அதை வெச்சு நான்-இமிக்ரன்ட் பின்னு சொல்ற வேலை விசாவுக்கு ஆன்லைன்ல, ஊர்ல இருக்கும்போதே அப்ளை பண்ணணும். அந்த விசா வந்த பின்னாடிதான் ஃப்ளைட் ஏறணும். டூரிஸ்டா வந்துட்டா உள்ளயே மாத்தறது சுலபமில்ல, பல பேர் மறுபடி நாட்டை விட்டு வெளிய போய்த்தான் அப்ளை பண்றாங்க. எங்கூட வேலை பாக்குற பிலிப்பைன்ஸ் பொண்ணு ஒண்ணு அப்படித்தான் மலேசியால பினாங்குக்கு போய் ரூம் போட்டு காத்துக் கிடந்துச்சு, செலவெல்லாம் அதோட கைக்காசு. இங்க வந்து இறங்கறதுக்கு முன்னாடி மூணு நாளுக்குள்ள டிஜிட்டல் அரைவல் கார்டுன்னு ஒண்ணு ஆன்லைன்ல போடணும், அது ஃப்ரீ, அதுக்கும் காசு கேக்குற சைட் இருக்கு, ஏமாற வேணாம்.

வந்து இறங்கினா 90 நாள்னு ஸ்டாம்ப் போடுவாங்க, அதுக்குள்ள வொர்க் பர்மிட். மெடிக்கல் எடுக்க கிளினிக் போனேன், டாக்டரம்மா என் பாவாடையை கணுக்கால் வரைக்கும் தூக்கச் சொல்லி ரெண்டு காலையும் உத்துப் பாத்தாங்க, யானைக்கால் இல்லன்னு எழுதறதுக்கு. குஷ்டம், டிபி, மேகநோய், போதை, குடி, இது எதுவும் இல்லன்னும் அதே தாள்ல எழுதணும். நம்ம பி.எட் இங்க அப்படியே செல்லாது, குருசபான்னு இவங்களோட டீச்சர் கவுன்சில் இருக்கு, அதுல ஸ்கூல் நமக்காக ரெண்டு வருஷத்துக்கு தற்காலிக அனுமதி வாங்கித் தரும். என் பர்மிட் நீலக் கலர் புத்தகமா இருக்கு, உள்ள வருஷம் 2568ன்னு போட்டிருக்கும், புத்தர் கணக்கு. அது கிடைச்சப்புறம் 1,900 பாத் கட்டி ஒரு வருஷத்துக்கு தங்கறதை நீட்டிக்கணும். அதுக்கும் மேல 90 நாளைக்கு ஒரு தடவை "இந்த அட்ரஸ்லதான் இருக்கேன்"னு இமிக்ரேஷன்ல சொல்லணும், விட்டுட்டா 2,000 பாத்.

ட்யூஷன் எடுத்தா இன்னும் சம்பாதிக்கலாமேன்னு அத்தான் கேட்டாராமே. முடியாது அக்கா. அந்த பர்மிட்ல ஸ்கூல் பேரு, வேலை, இடம் எல்லாம் எழுதியிருக்கு, அதைத் தவிர வேற எடத்துல முறைப்படி பதியாம காசு வாங்கிட்டு சொல்லிக் கொடுத்தா அதுவும் குத்தம்தான். வேலையை விட்டா அன்னைக்கே தங்குற உரிமையும் போயிடும், புது ஸ்கூலுக்கு புதுசா எல்லாத்தையும் ஆரம்பிக்கணும். அதனால ஸ்கூல்ல எது சொன்னாலும் சரின்னுட்டுத்தான் இருக்கேன், இதை அப்பாகிட்ட சொல்லாத.

ஏப்ரல்ல பணம் கொஞ்சம் குறைவா வரும். மார்ச்லேர்ந்து மே பாதி வரைக்கும் லீவு, கான்ட்ராக்ட் 10 மாசத்துக்குத்தான், மத்தபடி ஒண்ணுமில்ல. எனக்கு இங்க செலவே கிடையாது, மதியம் ஸ்கூல்லயே சாப்பாடு, ராத்திரி முட்டையும் சோறும்.

சித்தி பொண்ணு கல்யாணத்துக்கு வரலைன்னு எல்லாரும் கேட்டாங்கன்னு எழுதியிருக்கே. வெளிய போறதுக்கு முன்னாடி ரீ-என்ட்ரி பர்மிட் எடுக்கணும், ஒரு தடவைக்கு 1,000 பாத், எடுக்காம போனா அந்த ஒரு வருஷ அனுமதியே ரத்தாயிடும், ஸ்கூல்லயும் லீவு கொடுக்கலன்னு சித்திகிட்ட சொன்னேன். அது எல்லாம் உண்மைதான். டிக்கெட் விலையையும் பாத்துட்டே இருந்தேன் அக்கா, ராத்திரி படுத்துக்கிட்டு திரும்பத் திரும்ப பாப்பேன், ஒரு தடவை கார்டு நம்பர் வரைக்கும் போட்டுட்டு மூடி வெச்சுட்டேன். கல்யாணத்தன்னைக்கு நீங்க வீடியோ கால் போட்டீங்கல்ல, நாதஸ்வரம் விட்டு விட்டு கேட்டுச்சு, அம்மா போனை தலைகீழா புடிச்சிருந்தாங்க, பந்தல் துணிதான் தெரிஞ்சுது. அதையே பாத்துட்டு இருந்தேன். சனி ஞாயிறுல வாயைத் திறந்து தமிழ் பேச ஆளே இல்ல. வீட்டுக்காரரோட குருவிகிட்ட போய் நின்னு பேசிட்டு இருக்கேன், அம்மா வைக்குற மாதிரி புளிக்குழம்பு எனக்கு வரவே மாட்டேங்குதுன்னு எல்லாம் அதுகிட்ட சொல்றேன். அம்மா மடியில ஒரு மத்தியானம் தலை வெச்சு படுத்தா போதும் போல இருக்கு.

சரி விடு. அப்பாவுக்கு கண் ஆபரேஷன் ஆகி ரெண்டாவது செக்கப் போயாச்சா? சொட்டு மருந்தை நீயே கூட இருந்து போடு, அவர் போட்டேன்னு சொல்லிட்டு போடாம இருப்பார். என் செயினை இப்போ மீட்க வேணாம், வட்டியை மட்டும் கட்டி பேங்க்ல மாத்தி வெச்சுடு, ஜூன்ல பாத்துக்கலாம். நீ உன் கைக்காசை போட்டு மீட்டுடாத, திவ்யா ஸ்கூல் ஃபீஸ் இருக்கு. சித்தப்பா பின்பக்க சுவரை ஒரு அடி தள்ளி கட்டப் பாக்கறார்னு எழுதியிருக்கே, அப்பா வாய் வார்த்தையில எதுவும் ஒத்துக்கக்கூடாது, சர்வேயரை வெச்சு அளந்துட்டு அப்புறம் பேசச் சொல்லு. பத்திர ஜெராக்ஸ் பீரோல மேல் தட்டுல பச்சை ஃபைல்ல இருக்கு. சித்தப்பாகிட்ட சண்டைக்கு போகாதீங்க, சித்தி நல்லவங்க.

நாத்தனார்கிட்ட நான் முடியாதுன்னு சொன்னதா சொல்லிடாத. கார்த்தி நல்ல பையன், டிகிரி கைக்கு வரட்டும், நானே இங்க நாலு ஸ்கூல்ல கேட்டு வெக்கறேன், மே மாசம் டெர்ம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடிதான் ஆள் எடுப்பாங்க. அவனை எனக்கு நேராவே போன் பண்ணச் சொல்லு, இங்க ஒன்றரை மணி நேரம் முன்னாடி, அதனால நம்ம ஊர் நேரத்துக்கு எட்டு மணிக்குள்ள கூப்பிடணும். அந்த ஏஜென்ட்கிட்ட பாஸ்போர்ட் ஒரிஜினலை ஏற்கனவே கொடுத்துட்டானான்னு இன்னைக்கே கேளு. கொடுத்திருந்தா அத்தானை கூட்டிட்டு நாளைக்கே போய் திருப்பி வாங்கிடுங்க.

உன் தங்கச்சி